தைலம் மணக்காத வீடு

வாணலியில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து அதன் நிறத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணை எடுத்தால் கருகிவிடுமோ என்று பயம்.

முன்பெல்லாம் இந்த வேலைக்கு அவளுக்குக் கண்ணே தேவைப்பட்டதில்லை. கூடத்துத் தரையில் புத்தகங்களைப் பரப்பி உட்கார்ந்திருப்பாள். அங்கிருந்தபடியே, "அத்தை, வெங்காயம் சிவந்துடுச்சு, அடுப்பைக் குறைங்க" என்று குரல் கொடுப்பாள். மாமியார் கரண்டியும் கையுமாக எட்டிப் பார்ப்பார். "இந்த மூக்கை வெச்சுக்கிட்டு ஒரு வீடா? நான் ஒளிச்சு வெச்சு ஒரு பிஸ்கட்டாவது தின்ன முடியுதா?" என்பார். திட்டுவது போலத்தான் இருக்கும். ஆனால் பக்கத்து வீட்டாரிடம் அதே மூக்கைப் பற்றிப் பெருமை அடித்துக்கொள்வதும் அவர்தான்.

அந்த மூக்கு செத்துப்போய் ஒரு மாதம் ஆகிறது. இந்த உலகத்தில் அது அவள் ஒருத்திக்கு மட்டுமே தெரியும்.

பல்கலைக்கழகத்தில் அவளுக்குப் பெயரே 'மூக்கு'தான். சமையல் எண்ணெய் கெட்டுப்போவதைப் பற்றி அவள் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். ஒரு இலையின் சாற்றை எண்ணெயில் கலந்தால் அது சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காது என்பது அவள் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நிரூபிக்கத்தான் கல்யாணமான நாளிலிருந்து பாடுபடுகிறாள். எண்ணெயைச் சூட்டுப்பெட்டிக்குள் வைத்துப் பழசாக்குவார்கள். பிறகு மூடி போட்ட சிறு கண்ணாடிக் கிண்ணங்களில் ஊற்றுவார்கள். எந்தக் கிண்ணத்தில் எது இருக்கிறது என்பது வழிகாட்டிப் பேராசிரியையான மேடத்துக்கு மட்டுமே தெரியும். நிறம் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று சிவப்பு விளக்கு எரியும் சின்னத் தடுப்புக்குள் உட்கார்ந்து, மூடியைத் திறந்து முகர்ந்து, வாடைக்கு மதிப்பெண் போட வேண்டும். வாடையே இல்லை என்றால் பூஜ்யம். எத்தனையோ பேர் முகர்ந்து பார்த்தாலும் மேடம் கடைசியில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "மூக்கு என்ன சொல்லுது?"

அந்த மூக்குக்காக ஒரு குடும்பமே வாசனையைத் துறந்திருந்தது. வாசனை சோப்பு கிடையாது. பவுடர் கிடையாது. முகரும் நாட்களில் சமையலில் பூண்டு கிடையாது. லாரிப் பட்டறையில் மெக்கானிக்காக இருக்கும் கணவன், வேலை முடிந்து வந்ததும் கீழே குழாயடியிலேயே கிரீஸ் போகக் குளித்துவிட்டுத்தான் மாடி ஏறுவான். எல்லாவற்றையும் விடக் கொடுமை மாமியாரின் கதை. வாரத்தில் பாதி நாள் அவருக்கு ஒற்றைத் தலைவலி. தைலம் தேய்த்தால் அடங்கும். மருமகள் ஆராய்ச்சியில் சேர்ந்த அன்று தைல பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் போட்டவர்தான். வலி வரும்போது ஈரத் துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். 'தைலம் எங்கே' என்று அதன்பிறகு ஒரு நாளும் கேட்டதில்லை.

இத்தனை பேர் சேர்ந்து காப்பாற்றிய மூக்கை ஒரு காய்ச்சல் தின்றுவிட்டுப் போனது.

காய்ச்சல் அந்தத் துறை முழுவதையும் படுக்க வைத்திருந்த சமயம் அது. முகர்கிறவர்கள் யாரும் வரவில்லை. எண்ணெயோ காத்திருக்காது, குறித்த நாளில் முகர்ந்தாக வேண்டும். "நீ ஒருத்தி வந்தா போதும்மா, உன் மூக்கு நூறு மூக்குக்குச் சமம்" என்றார் மேடம். காய்ச்சல் விட்டு எழுந்த மறுநாளே அவளும் போனாள்.

முதல் கிண்ணத்தைத் திறந்தாள். வாடை இல்லை. சந்தோஷத்தோடு பூஜ்யம் போட்டாள். இரண்டாவதிலும் வாடை இல்லை. இது சாறு கலந்த எண்ணெயாகத்தான் இருக்க வேண்டும், நம் சாறு ஜெயித்துவிட்டது என்று மனசு துள்ளியது. மூன்றாவதிலும் இல்லை. நான்காவதைத் திறந்தபோது உள்ளங்கை வியர்க்க ஆரம்பித்தது. ஏனென்றால் முகர்கிறவர்களைச் சோதிப்பதற்காகவே, வேண்டுமென்று கெடவைத்த எண்ணெய் ஒன்று எல்லா வரிசையிலும் இருக்கும். தெருமுனை வரை நாறும் அது. கடைசிக் கிண்ணம் வரை திறந்தாள். அந்த நாற்றம் எங்கேயும் இல்லை.

எண்ணெயில் வாடை இல்லாமல் போகவில்லை. அவளுக்குத்தான் மூக்கு இல்லாமல் போயிருந்தது.

அப்போதே எழுந்து சொல்லியிருக்கலாம். நாளைக்கே சரியாகிவிடும், ஒரு சளிக்காக எதற்கு இத்தனை மாத உழைப்பைக் கெடுப்பது என்று தோன்றியது. மூன்றாவதிலிருந்து கிண்ணங்களை ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தாள். கெட்ட எண்ணெய் கனத்துப்போய் மெதுவாக வழியும். அப்படி வழிந்ததற்குப் பெரிய மதிப்பெண் போட்டாள். மற்றவற்றுக்கு மனம்போனபடி போட்டாள். பூஜ்யம் போட்ட முதல் இரண்டை மட்டும் சாய்த்துப் பார்க்கவும் இல்லை, மாற்றவும் இல்லை.

விதி எப்படியெல்லாம் விளையாடுகிறது பாருங்கள்! அந்த இரண்டுமே சாறு கலந்த எண்ணெய்கள். மேடம் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஆய்வுரை சமர்ப்பிக்கத் தேதி குறித்தாயிற்று. கணவன் பட்டறையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான்.

அந்தச் சந்தோஷத்துக்குக் குறுக்கே வந்து நின்றான் துளி.

துளி அவளுக்கு ஜூனியர். அதே எண்ணெயை ரசாயன முறையில் சோதிப்பது அவன் வேலை. குடுவையில் நீல நிறம் மறையும் வரை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எவ்வளவு கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பான். ஒரு சொட்டு கூடினாலும் மறுபடி முதலிலிருந்து செய்கிற பிள்ளை. அதனால்தான் அந்தப் பெயர். தனியாக ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தான். காலையில் தனக்குச் சமைத்துக்கொள்ளும்போது அவனுக்கும் சேர்த்து அவள் தினமும் ஒரு டப்பா கட்டிக்கொண்டு போவாள்.

அவனுடைய சோதனை, சாறு கலந்த எண்ணெய் நன்றாகவே கெட்டுப்போயிருக்கிறது என்று சொன்னது.

"திரும்பப் பண்ணு" என்றார் மேடம். பண்ணினான். அதே முடிவு. புது மருந்து கரைத்துப் பண்ணச் சொன்னார். மறுபடி அதே முடிவு.

"மூக்கு பொய் சொல்லாதுப்பா. உன் கைதான் நடுங்குது" என்றார் மேடம். "வெள்ளிக்கிழமை மீட்டிங் வரைக்கும் டைம் தர்றேன். அப்பவும் இதேதான்னா வேற ஆளைப் போட்டுக்கறேன். நீ இந்த லேபுக்குச் சரிப்படுவியான்னு கமிட்டியில பேச வேண்டியிருக்கும்."

அவள் பக்கத்து மேஜையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். துளி அவளைத் திரும்பிப் பார்த்தான். கோபமில்லாத பார்வை. அதுதான் அவளைச் சுட்டது.

மத்தியானம் டப்பாவைத் திறந்தான். அடிப்பிடித்த சோறு. உருளைக்கிழங்கில் உப்பு வாயில் வைக்க முடியாத அளவுக்கு. எதுவும் சப்பென்றே தெரிந்ததால் ஒரு மாதமாக அவள் கை உப்பைக் கூட்டிக்கொண்டே போயிருந்தது. அவன் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான்.

"எப்படிடா இருக்கு?"

"ரொம்ப நல்லாயிருக்குக்கா" என்று சொல்லிவிட்டு ஒரு பாட்டில் தண்ணீரையும் குடித்து முடித்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம். கணவன் இன்னும் வரவில்லை. மாமியார் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். அவளும் எதிரே உட்கார்ந்து ஒரு கை பட்டாணியை எடுத்துக்கொண்டாள். விரல்கள்தான் உரித்துக்கொண்டிருந்தன. மனசு நாளைய மீட்டிங்கில் இருந்தது.

"ஆராய்ச்சி" என்று கூப்பிட்டார் மாமியார். அவர் அவளை அழைப்பது அப்படித்தான். "என் நெத்தியைத் தொட்டுப் பாரு."

"ஏன் அத்தை, காய்ச்சலா?"

"தொடு, சொல்றேன்."

தொட்டாள். நெற்றி பிசுபிசுத்தது. விரல் நுனியில் ஏதோ பளபளப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது. குளிர்ந்தது. தைலம்.

"நாலஞ்சு நாளா தேய்ச்சுக்கிட்டு உன் முன்னாலயே உலாத்திக்கிட்டு இருக்கேன்" என்றார் மாமியார் மெல்ல. "கெட்டுப்போன பால்ல நீ எனக்குக் காப்பி போட்டுக் குடுத்தியே, அன்னைக்கே எனக்குச் சுருக்குன்னுச்சு. சரி, பார்ப்போம்னு பெட்டிக்கு அடியில இருந்து பாட்டிலை எடுத்தேன். நேத்து உன் பக்கத்துலதான் படுத்திருந்தேன். நீ அந்தப் பக்கம் போனதும் என் மகன் கூட 'என்னம்மா தைலமா'ன்னு கேட்டான். நீ கேக்கல."

அவளால் அதற்கு மேல் முடியவில்லை. பட்டாணித் தட்டைத் தள்ளிவிட்டு மாமியாரின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். காய்ச்சல், கிண்ணங்கள், இரண்டு பூஜ்யம், துளி என்று எல்லாம் அழுகையோடு கலந்து வெளியே கொட்டியது. மாமியார் அவள் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டார்.

கேட்டு முடித்ததும் எழுந்து போய் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தார்.

"யார்கிட்டயும் வாயைத் திறக்காதே."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இதை அவள் எதிர்பார்க்கவில்லை.

"என்ன அப்படிப் பாக்கறே? பட்டம் கைக்கு வரட்டும். அப்புறம் மூக்கு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? எத்தனை ராத்திரி மண்டையில ஆணி அடிச்ச மாதிரி வலியோட கிடந்திருக்கேன் தெரியுமா உனக்கு? எதுக்காக? உன்னை டாக்டரம்மான்னு நாலு பேர் கூப்பிடறதைக் கேக்கணும்னுதானே? அதைப் போயி ஒரு வார்த்தையில போட்டு உடைப்பியா?"

"துளிக்கு என்ன பதில் சொல்றது அத்தை?"

"அவன் ஆம்பளைப் பையன். வேற எங்கயாவது போய்ப் பொழைச்சுக்குவான்."

"அவனைக் கைநடுங்கின்னு சொல்லித் துரத்தப் போறாங்க. அப்புறம் எந்த லேபுல சேர்த்துப்பாங்க?"

மாமியார் பட்டாணித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். போன விடுமுறையில் துளி இந்த வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தான். "இன்னும் கொஞ்சம் போடுங்க பெரியம்மா" என்று தட்டை நீட்டி நீட்டி வாங்கிச் சாப்பிட்டான். தன் சமையலை இப்படி வாயாரப் புகழ்ந்து யாரும் சாப்பிட்டதில்லை என்று மாமியார் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தட்டு அவர் கண் முன்னால் வந்திருக்க வேண்டும்.

"பட்டாணியை உரி" என்றார் கடைசியில். "சோத்துக்கு நேரமாச்சு."

வெள்ளிக்கிழமை காலையில் கணவன் ஒரு சட்டையை உதறிக் காட்டினான். "நீ பட்டம் வாங்கற அன்னைக்கு இதைத்தான் போட்டுக்கப் போறேன். பட்டறையில ஓனர் கூட வர்றேங்கறார். டீசல்ல தண்ணி கலந்திருந்தா என் பொண்டாட்டி மாடியில இருந்தே சொல்லிடுவான்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"ரொம்பத்தான்" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

மீட்டிங் அறையில் நீளமான மேஜை. அதன் ஒரு முனையில் மேடம். இரண்டு பக்கமும் மாணவர்கள். கடைசி நாற்காலியில் துளி, தன் முறை வரக் காத்திருக்கும் குற்றவாளி மாதிரி. அவனுடைய முடிவு இந்த முறையும் மாறவில்லை.

மேடம் கோபப்படவில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது. அமைதியாக இரண்டு கிண்ணங்களை மேஜை மேல் வைத்தார். இரண்டுக்கும் மூடி. இரண்டின் மேலும் நிறம் தெரியாதபடி கறுப்புத் தாள் சுற்றியிருந்தது.

"ஒண்ணு புது எண்ணெய். ஒண்ணு சாறு கலந்து சூட்டுப்பெட்டியில இருந்தது. எல்லார் முன்னாலயும் மூக்கு முகர்ந்து சொல்லட்டும். ரெண்டுக்கும் வித்தியாசம் இல்லைன்னா, துளி, இனிமே நீ குடுவையைத் தொட வேண்டாம். சம்மதமா?"

துளி தலையை அசைத்தான்.

கிண்ணங்கள் கை மாறி மாறி அவளிடம் வந்தன. அவள் முதல் மூடியைத் திறந்தாள். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். ஒன்றுமில்லை. வெறும் காற்று. இரண்டாவதைத் திறந்தாள். அதிலும் வெறும் காற்றுதான்.

ஆனால் கை பழகிய கை. அவளை அறியாமல் கிண்ணத்தை லேசாகச் சாய்த்தது. முதல் கிண்ணத்தில் எண்ணெய் சட்டென்று ஓடியது. இரண்டாவதில் கனத்துப்போய், கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கியது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. சாறு எண்ணெயைக் காப்பாற்றவில்லை. துளி சொன்னதுதான் உண்மை.

'வித்தியாசமே இல்லை' என்று சொன்னால் பட்டம் அவளுக்கு. 'இரண்டாவது கெட்டுவிட்டது, முன்பு நன்றாகத்தான் இருந்தது' என்று சொன்னால் துளியும் ஒருவேளை தப்பிப்பான், தானும் தப்பிக்கலாம். அரைப் பொய். யாருக்கும் தெரியாது. மேடம் மனசுக்குள் அவளை இன்னும் மெச்சிக்கொள்வார். சட்டையை உதறிக் காட்டிய கணவனின் முகம், தாழ்ப்பாள் போட்ட மாமியாரின் முகம்...

"என்னம்மா, இவ்வளவு நேரம்?" என்றார் மேடம் சிரித்துக்கொண்டே.

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். கண்ணாடி மேஜையில் மோதிய ஓசை எல்லோருக்கும் கேட்டது.

"எனக்கு ஒண்ணுமே தெரியலை மேடம்."

"அதான் பாத்தீங்களா, வித்தியாசம்..."

"இல்லை மேடம். எனக்கு எந்த வாடையுமே தெரியலை. காய்ச்சலுக்கு அப்புறம் மூக்கு வேலை செய்யலை. அன்னைக்குப் போட்டதெல்லாம் பொய். சோதனைக் கிண்ணத்தைக் கூடச் சாய்ச்சுப் பாத்துத்தான் கண்டுபிடிச்சேன். இந்த ரெண்டாவதும் அப்படித்தான், கனமா வழியுது. கெட்டுப்போயிருக்கு. துளியோட கை நடுங்கலை மேடம்."

மேடத்தின் முகத்தில் சிரிப்பு இருந்த இடம் அப்படியே உறைந்துபோனது. அவர் கை நீட்டி இரண்டாவது கிண்ணத்தை இழுத்தார். மூடியைத் திறந்து முகர்ந்தார். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க" என்றார்.

உள்ளே என்ன நடந்தது என்பதை அவள் பிறகு யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. மேடம் கத்தவில்லையாம். "நான் என்னை விட உன்னை நம்பினேனே" என்று ஒரே ஒரு தடவை சொன்னாராம். சமர்ப்பிக்கும் தேதி ரத்து. அந்த முகர்வு முழுவதும் தள்ளுபடி. இனி முகரும் குழுவில் அவளுக்கு இடமில்லை. சாறு ஏன் தோற்றது என்று மறுபடி முதலிலிருந்து ஆராய வேண்டும், அதுவும் மூக்கை வைத்து அல்ல, துளியிடம் சொட்டு விடக் கற்றுக்கொண்டு. துறையை விட்டே அனுப்புவதா வேண்டாமா என்பதைக் கமிட்டி பிறகு முடிவு செய்யும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது வராந்தாவில் துளி நின்றுகொண்டிருந்தான்.

"மன்னிச்சுடுடா."

அவன் தரையைப் பார்த்தான். "எனக்கு முன்னாடியே சந்தேகம்தான்கா. மூக்கு இருக்கறவங்க அப்படி அடிப்பிடிச்ச சோத்தைக் கட்டிக் குடுப்பாங்களா?"

"அப்போ ஏன்டா மேடம்கிட்ட சொல்லலை?"

"சொன்னா மறுநாளில இருந்து டப்பா வராதே" என்றான். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "அதுவும் இல்லாம, நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன். நேத்து வரைக்கும் நெனச்சேன். இன்னைக்குக் காலையில மட்டும் நெனக்கலை."

அந்தக் கடைசி வாக்கியம் அவளோடு பஸ்ஸில் ஏறி வீடு வரை வந்தது.

சாயங்காலம் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் அப்போதுதான் குழாயடியில் குளித்துவிட்டு, தலையில் தண்ணீர் சொட்ட மாடி ஏறி வந்திருந்தான். நின்றபடியே கேட்டான்.

"அப்போ இனிமே நான் மேலயே குளிக்கலாம், இல்ல?" என்றான்.

வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஆனால் குரல் உடைந்தது. சட்டையை மடித்துப் பீரோவில் வைத்தான். சாப்பிடும்போதும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாம். மூக்கைக் காட்டலாம். நான் லீவு சொல்லிடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டான்.

மாமியார் உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தலையில் ஈரத் துண்டு. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் அத்தை."

"நான் என்ன சொன்னேன், நீ என்ன பண்ணிட்டு வந்திருக்கே!" திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு, சுவரிடம் கேட்பது போல, "அந்தப் பிள்ளை சாப்பிட்டானா?" என்றார்.

"சாப்பிட்டான் அத்தை."

அவள் அலமாரியில் இருந்த தைல பாட்டிலை எடுத்தாள். மாமியாரின் தலையிலிருந்து துண்டை மெதுவாக அவிழ்த்தாள். விரலில் தைலத்தைத் தொட்டு நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தித் தேய்த்தாள். மாமியார் தடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவு நாள் வலியும் அந்தப் பெருமூச்சில் வெளியே வந்தது போல இருந்தது.

அவள் குனிந்து, மாமியாரின் நெற்றிக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோய் மூச்சை ஆழமாக இழுத்தாள். மூக்குக்குள் குளிர்ந்தது. வாசனை மட்டும் வரவில்லை. மாமியாரின் கன்னத்தில் இரண்டு சொட்டு விழுந்தது.

"அழறியா?"

"இல்லை அத்தை. தைலம் கண்ணுல எரியுது."

"தேய்ச்சது என் நெத்தியில. எரியறது உன் கண்ணுலயா?" என்றார் மாமியார் கண்ணைத் திறக்காமலே. பிறகு கையைத் தூக்கி அவள் கன்னத்தைத் தடவித் துடைத்துவிட்டார். "சரி, எழுந்திரு. அடுப்புல பால் வெச்சிருக்கேன். கண்ணால பாத்து இறக்கு."